பூச்சுக்கு அந்தப் பக்கம்

403-ஆம் வீட்டுக்காரர் தினமும் மதியம் சுவரைத் தட்டுகிறார் என்று புகார் வந்தது.

கொடுத்தவள் கீழ்வீட்டுத் தமயந்தி. இடுப்பில் ஐந்து மாதக் குழந்தையோடு நேரிலேயே வந்து நின்றாள். "மூணு இருபது ஆனா ஆரம்பிச்சிருவாருங்க. பத்து நிமிஷம், சில நாளு கால் மணி நேரம். அப்பத்தான் இவன் கண்ணசருவான். பெரியவரு, நான் போய் என்னன்னு கேக்கறது? நீங்கதான் செகரட்டரி, பக்கத்து வீடும் நீங்கதான். ஒரு வார்த்தை பக்குவமாச் சொல்லுங்க."

மங்கையர்க்கரசி அந்தத் தென்றல் வளாகத்தின் குடியிருப்போர் சங்கச் செயலாளராகி ஆறு வருடமாகிறது. கோவையின் வடக்கு விளிம்பில், நான்கு பிளாக்கில் எண்பது வீடுகள். அவள் ஒரு கல்லூரியில் நூலகர். ஐம்பத்து நான்கு வயது, 404-இல் தனியாக இருப்பவள். 403-இல் இருப்பவர் தெய்வநாயகம். நூற்பாலை இயந்திரங்களைப் பழுது பார்ப்பதில் நாற்பது வருடத்தைக் கழித்தவர். ஏழு மாதத்துக்கு முன்பு அவருடைய மனைவி சுலோச்சனா, அவர் ஈரோட்டுக்கு ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போயிருந்த மதியத்தில், வீட்டில் தனியாக இருந்தபோது இறந்துபோனாள்.

அடுத்த சனிக்கிழமை மூன்று மணிக்கு மங்கை அவர் வீட்டுக்குப் போனாள்.

"வாங்க அம்மிணி" என்றார். எதற்கு வந்தாய் என்று கேட்கவில்லை. "நேரத்துக்கு வந்தீங்க. உள்ள வாங்க."

படுக்கையறைக்கு அழைத்துப் போனார். அவர் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவே ஓடும் சுவர் அங்கே ஒரு தூணில் போய் முடியும். தூணின் அடியில் முழங்கால் உயரத்துக்குப் பூச்சு கொத்தப்பட்டு, கான்கிரீட் சாம்பல் நிறத்தில் தெரிந்தது. மங்கைக்கு அந்த இடம் நன்றாகத் தெரியும். இரண்டு வருட வழக்கு அது. ஈரம் வெளிச்சுவரிலிருந்து வருகிறது, ஆகவே சங்கம்தான் சரிசெய்ய வேண்டும் என்பது அவர் கட்சி. சுவரும் தூணும் பொது, அதன்மேல் பூசிய பூச்சும் அதற்கு வீட்டுப் பக்கம் இருப்பதும் வீட்டுக்காரருடையது, பூச்சு உதிர்ந்தால் அவர்தான் பார்க்க வேண்டும் என்பது அவள் கட்சி. ஒரு நாள் அவரே உளியை எடுத்துக் கொத்தி, "பாருங்க, ஈரம் உள்ளருந்து வருது" என்று காட்டினார். அவள் படம் எடுத்து, "கவனிக்கப்படும்" என்று பதிவேட்டில் எழுதினாள். அதோடு நின்றுவிட்டது.

அவர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். "இன்னும் ரெண்டு நிமிஷம்."

"அண்ணா, கீழ குழந்தை தூங்கற நேரம்..."

"உஸ்."

டொக். டொக். டொக்.

தூணுக்குள்ளிருந்து வந்தது. சன்னமாக, ஆனால் சந்தேகமே இல்லாமல். சற்று இடைவெளி. மறுபடி மூன்று. மங்கை தூணை மேலும் கீழும் பார்த்தாள். அந்தத் தூணில் தண்ணீர்க் குழாய் கிடையாது, மின்குழாய் கிடையாது. கட்டட வரைபடத்தை அவளைவிட நன்றாக அறிந்தவர் அந்த வளாகத்தில் இல்லை.

தெய்வநாயகம் விரல் முட்டியால் மெதுவாகத் திருப்பித் தட்டினார். மூன்று முறை. முகத்தில் ஒரு வெட்கம் கலந்த சந்தோஷம் இருந்தது.

"யாருங்கண்ணா?" என்றாள். கேட்ட பிறகுதான் அந்தக் கேள்வி எவ்வளவு அபத்தம் என்று தோன்றியது.

"சுலோச்சனாதானுங்க. அவ போன மறுவாரம் இருந்து கேக்குது. கிறுக்குன்னு நெனைப்பீங்கன்னுதான் சொல்லலை. நான் மெஷின் பாத்தவன் அம்மிணி. எந்தச் சத்தம் எதுலருந்து வருதுன்னு எனக்குத் தெரியும். இது மெஷின் இல்ல. ஒரு ஆளு தட்டறது."

மங்கை தன் வீட்டுக்கு ஓடிவந்து, அலமாரியை நகர்த்தி, சுவரில் காதை வைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

*

புதன்கிழமை ஜெபராஜ் வந்தார். கட்டடத்துக்குள் எழும் சத்தத்தைக் கேட்டுக் காவல் காக்கும், அரண் என்று அவர்கள் அழைத்த அமைப்பைப் பராமரிக்கிறவர். நாற்பத்தைந்து வயது, தூத்துக்குடிக்காரர், எதையும் நிதானமாகச் சொல்பவர். சங்க அலுவலகத்தில் மடிக்கணினியைத் திறந்துவைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பேய் எல்லாம் இல்ல மேடம். அரண்தான் தட்டுது."

"அரண் கேக்கும். எப்படித் தட்டும்?"

"கான்கிரீட்டுக்குள்ள முடி மாதிரி ஒரு இழை ஓடுதுல்லா? கட்டடம் விரிசல் விட்டா, எவனாவது தூணை உடைச்சா, அந்த இழைக்குத் தெரிஞ்சிரும். அதிர்வை உணர்ற இழையை அதிர வைக்கவும் முடியும். ஒரு சத்தம் எங்க இருந்து வந்துச்சுன்னு அரணுக்குப் புரியலைன்னா, அது ஒரு சோதனை வைக்கும். அதே சத்தத்தை, அது வந்த அதே நேரத்துல, அதே இடத்துல திருப்பிப் போடும். எதிரொலி எப்படி வருதுன்னு ஒப்பிட்டுப் பாக்கும். விடை கிடைக்கிற வரைக்கும் தினமும் பண்ணும். அந்தப் பெரியவர் பதிலுக்குத் தட்டுறாருன்னு சொன்னீங்கள்லா? அதனால தினமும் சோதனை பாதியிலேயே கெட்டு நின்னுபோகுது. மறுநாள் மறுபடி முதல்ல இருந்து."

"என்ன விடை வேணுமாம் அதுக்கு?"

ஜெபராஜ் சிரித்தார். "உங்க சட்டம்தான் மேடம். பொதுவா, தனியா?"

அந்தச் சட்டத்தை எழுதியது அவள்தான். அவள் செயலாளர் ஆனதே அதற்காகத்தான். அதற்கு முன்பு இருந்த செயலாளர், டி பிளாக்கில் ஒரு வீட்டில் கணவன் மனைவி சண்டை எந்தெந்த நாள் எத்தனை மணிக்கு நடந்தது என்று அரணின் பதிவிலிருந்து எடுத்துப் பொதுக்கூட்டத்தில் வாசித்தார். கதவு அறைந்த சத்தம், பாத்திரம் விழுந்த சத்தம், அழுத சத்தம். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்தப் பெண் கூட்டத்திலேயே இருந்தாள். ஒரே வாரத்தில் வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டாள். அன்று வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்ததை மங்கையால் தாங்க முடியவில்லை. தேர்தலில் நின்றாள், ஜெயித்தாள், விதியை மாற்றினாள். தூண், உத்தரம், சுவரின் நடுப்பகுதி எல்லாம் பொது. அங்கே ஏதாவது நடந்தால் அரண் அந்த பிளாக்கில் எல்லாருடைய கைபேசியிலும் அபாயச் சத்தம் எழுப்பி ஆட்களை வரவழைக்க வேண்டும். பூச்சுக்கு அந்தப் பக்கம் வீட்டுக்காரருடையது. அங்கே நடப்பதை அரண் கேட்கக் கூடாது, கேட்டாலும் அந்தக் கணமே அழித்துவிட வேண்டும். எது எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால் செயலாளரைக் கேட்க வேண்டும்.

"இந்தச் சத்தத்தைப் பாருங்க" என்றார் ஜெபராஜ். "தட்டுன ஆள் வீட்டுக்குள்ள. அது தனி. ஆனா கை பட்டது பூச்சு மேல இல்ல, நேரா தூண் மேல. அது பொது. பூச்சு இருந்திருந்தா அப்பவே அழிச்சிருக்கும். இல்ல, வெளிய இருந்து தட்டியிருந்தா அப்பவே அபாயம் அடிச்சிருக்கும். இது ரெண்டுமில்ல. அதான் பாவம், ஏழு மாசமா முழிச்சிக்கிட்டு நிக்கி."

"ஏழு மாசமா?"

"ஜனவரி இருபத்தொண்ணு. மதியம் மூணு இருபதுக்கு ஆரம்பிக்கி. நாலு மணி ஒரு நிமிஷம் வரைக்கும் இருக்கு. நாப்பத்தொரு நிமிஷம். முதல்ல வேகமா, அப்புறம் விட்டு விட்டு. ஒரு புகாரும் இருக்கு." திரையைச் சற்றுத் திருப்பினார். "404-ல இருந்து. அது... நீங்கதான மேடம்?"

மங்கை அந்த வரியைப் படித்தாள். *403-இல் ஓய்வு நேரத்தில் சுவர் உடைக்கிறார்கள். மறுபடியும்.* மூன்று இருபத்தாறு.

அந்த மதியம் ஞாபகம் வந்தது. ஒற்றைத் தலைவலி. கல்லூரிக்கு விடுப்பு. திரையை இழுத்துவிட்டு, கண்மேல் ஈரத்துணி போட்டுப் படுத்திருந்தாள். சுவரில் தட்டும் சத்தம் ஒவ்வொன்றும் நெற்றிக்குள் இறங்கியது. மனுஷன் வீம்புக்கென்றே மறுபடி உளியை எடுத்துவிட்டார் என்று நினைத்தாள். எழுந்து நாலு எட்டு வைத்து அழைப்பு மணியை அடித்திருக்கலாம். அவரோடு அந்தப் பூச்சு விவகாரத்தைப் பேச வேண்டிவரும் என்பதால் போகவில்லை. கைபேசியில் எழுதினாள். அரண் உடனே அவளையே திருப்பிக் கேட்டது: பொதுவா? தனியா? 'பிறகு' என்று தொட்டாள். பத்து நிமிடம் கழித்து மறுபடி கேட்டது. பிறகு. மூன்றாம் முறை கேட்டபோது கைபேசியை அணைத்துவிட்டுத் தூங்கிப்போனாள். அந்தக் கேள்வியை அதற்குப் பிறகு திறந்து பார்க்கவே இல்லை.

மாலை ஆறு மணிக்குத் தெய்வநாயகத்தின் அலறல் கேட்டுத்தான் விழித்தாள். அந்த வீட்டுக்குள் முதலில் ஓடியதும் அவள்தான். சுலோச்சனா கட்டிலுக்கும் தூணுக்கும் நடுவே சாய்ந்து கிடந்தாள். வந்த டாக்டர் நாடியைப் பார்த்துவிட்டு, "இதயம் சட்டுன்னு நின்னுருக்கு. அவங்களுக்கே தெரிஞ்சிருக்காது" என்றார். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் தெய்வநாயகம் காரியங்களைச் செய்து முடித்தார். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அதையே சொன்னார். ஒரு நொடிதானுங்க, அவளுக்கே தெரியாது.

"யாரு மேடம் தட்டுனது?" என்றார் ஜெபராஜ்.

அவள் திரையை அவர் பக்கமே திருப்பிவைத்தாள். மடிக்கணினியை மூடும்போது, "நீங்க ஒரு தடவை தொட்டாப் போதும். தனின்னு போட்டா எல்லாத்தையும் அழிச்சிட்டு நின்னுரும். பொதுன்னு போட்டா பொதுவுக்கு உண்டானதைச் செஞ்சிட்டு நின்னுரும்" என்று மட்டும் சொன்னார்.

*

இரண்டு நாள் அவள் கல்லூரிக்குப் போய்வந்தாள். மாணவிகள் கேட்ட புத்தகத்தை விட்டு வேறு புத்தகத்தை எடுத்துக் கொடுத்தாள். ஒருமுறை, வரிசையில் ஆள் நிற்கும்போதே, கைபேசியைத் திறந்து 'தனி' என்ற எழுத்தின்மேல் விரலைக் கொண்டுபோனாள். தொட்டால் முடிந்தது. அந்த நாற்பத்தொரு நிமிடம் உலகத்தில் எங்கும் இருக்காது. புகாரும் இருக்காது. அவருக்கு அந்த ஒரு நொடி அப்படியே மிஞ்சும். அது அவருக்காகச் செய்வதா, தனக்காகவா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. விரலை எடுத்துவிட்டாள்.

சனிக்கிழமை மறுபடி 403-க்குப் போனாள். மணி மூன்று. தெய்வநாயகம் தூணருகே அவளுக்கும் ஒரு பாயைப் போட்டுவைத்திருந்தார்.

"அண்ணா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். முழுசாச் சொல்லி முடிக்கற வரைக்கும் ஒண்ணும் பேசாதீங்க."

சொன்னாள். இழையை, சோதனையை, பொதுவை, தனியை. பிறகு தேதியைச் சொன்னாள். நாற்பத்தொரு நிமிடத்தைச் சொன்னாள். தலைவலியையும் புகாரையும், இரண்டு முறை 'பிறகு' என்று தொட்டுவிட்டுக் கைபேசியை அணைத்ததையும் சொன்னாள். தலைவலியைக் காரணமாகச் சொல்வது போலப் பட்டதால் அந்த இடத்தைத் திருத்தி, "வலி இருந்துச்சு, ஆனா எந்திரிக்க முடியாத வலி இல்லீங்க" என்றாள்.

அவர் தூணையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். வெளியே போ என்று சொல்லியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நாப்பத்தொரு நிமிஷமா" என்றார்.

"ஆமாங்க."

"டாக்டரு ஒரு நொடின்னாரு."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அவளோட போன் அன்னிக்குச் சமையக்கட்டுல சார்ஜர்ல இருந்துச்சு" என்றார் அவர், தனக்குத்தானே ஒரு கணக்கைச் சரிபார்ப்பது போல. "அத்தனை தூரம் போக முடிஞ்சிருக்காது." தூணைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பிழைச்சிருப்பாளா?" என்றார்.

"தெரியலீங்கண்ணா. தெரியவே தெரியாது. தெரிஞ்சா சொல்லிருவேன்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. கன்னத்தில் இறங்கியதை அப்படியே விட்டார். "இத்தனை நாளா ஒரு விஷயம் எனக்கு உறுத்திட்டே இருந்துச்சு அம்மிணி. என்கிட்ட என்ன சொல்ல வர்றா, எதுக்கு இந்த நேரத்துல தட்டறான்னு. இப்பத்தான் புரியுது. நான் ஈரோட்டுக்குப் போயிருக்கேன்னு அவளுக்குத் தெரியும். காலையில பஸ்ஸுக்குப் பணியாரம் கட்டிக் குடுத்தவளே அவதான். வீட்ல நான் இல்லைன்னு தெரிஞ்சவ என்னை எதுக்குத் தட்டிக் கூப்பிடப் போறா?"

மங்கை நிமிர்ந்தாள்.

"அன்னிக்குக் காலையில நீங்க மாத்திரை இருக்குதான்னு கேட்டு வந்தீங்கல்ல? நீங்க வீட்ல இருக்கீங்கன்னு அவளுக்குத் தெரியும். அவ கூப்பிட்டது உங்களைங்க. ஏழு மாசமா உங்களுக்கு வந்த கூப்பாட்டுக்கு நான் பதில் சொல்லிட்டு உக்காந்திருந்திருக்கேன்."

அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. பழுதுபட்ட ஒரு இயந்திரத்தில் குறை எங்கே என்று கண்டுபிடித்துச் சொல்கிறவரின் குரல். அதுதான் அவளைத் தாக்கியது.

டொக். டொக். டொக்.

அவர் கையைத் தூக்கவில்லை. ஏழு மாதத்தில் முதல்முறையாகப் பதில் தட்டாமல், நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார். மங்கை தூணுக்கு முன்னால் மண்டியிட்டாள். உள்ளங்கையை வைத்தாள். ஈரக் கான்கிரீட் சில்லென்றிருந்தது. ஒவ்வொரு தட்டும் கைக்குள் வந்து விழுந்தது. வேகமாக இருந்த தட்டுகள் விட்டு விட்டு வர ஆரம்பித்தன. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள்.

"அக்கா" என்றாள்.

"முடிச்சு விடுங்க அம்மிணி" என்றார் தெய்வநாயகம். "எந்தப் பக்கம்னு நீங்களே சொல்லுங்க. நான் கேக்க மாட்டேன்."

அவள் கைபேசியை எடுத்தாள். கேள்வி அங்கேயே நின்றிருந்தது. இந்த முறை விரல் தயங்கவில்லை. 'பொது' என்பதைத் தொட்டாள்.

தட்டல் நின்றது.

ஒரு கணம் அறையே காலியானது போலிருந்தது. பிறகு அவள் கைபேசி அலறியது. சமையலறையிலிருந்து அவருடையதும் அலறியது. மேலே, கீழே, மாடிப்படியில், வாகனங்கள் நிற்கும் இடத்தில், சி பிளாக் முழுக்க ஒரே சத்தம். திரையில் சிவப்பில் ஓடியது: *403. தூணை யாரோ தொடர்ந்து தட்டுகிறார்கள். அருகில் இருப்பவர்கள் உடனே சென்று பார்க்கவும்.*

அரண் பொதுவுக்கு உண்டானதைச் செய்துகொண்டிருந்தது. ஜனவரி இருபத்தொன்றாம் தேதி செய்ய வேண்டியதை.

ஓடிவரும் காலடிச் சத்தம் கேட்டது. முதலில் வந்தவன் மேல்மாடி இர்ஃபான். குளித்துக்கொண்டிருந்தவன் போல, காதில் சோப்பு நுரை. பின்னாலேயே 401-இல் இருக்கும் செவிலி பிலோமினா, கையில் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி. இரண்டாம் மாடி உடையப்பன் வீடுகளின் மாற்றுச்சாவிக் கொத்தோடு மூச்சு வாங்கிக்கொண்டு ஏறினார். தமயந்தி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள், குழந்தை வீறிட்டு அழுதது. காவலாளி தீயணைக்கும் உருளையைத் தூக்கிக்கொண்டு வந்தார். கையில் ஒட்டிய மாவு காயாமல் ஒருத்தி, செருப்பில்லாமல் இரண்டு பேர், ஊன்றுகோலோடு 402-இன் பெரியவர். நடைக்கூடம் நிறைந்துவிட்டது.

"யாருக்கு என்னாச்சு?"

"விழுந்துட்டாங்களா?"

"தள்ளுங்க, காத்து விடுங்க, ஆளு எங்க?"

மங்கை மணியைப் பார்த்தாள். அபாயச் சத்தம் எழுந்து நான்கு நிமிடம்கூட ஆகவில்லை.

தெய்வநாயகம் அறையிலிருந்து எழுந்து வந்து வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிலோமினாவின் கையிலிருந்த கருவியைப் பார்த்தார். உடையப்பனின் சாவிக் கொத்தைப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணுமில்லீங்க" என்றார். "இத்தனை பேரு... இத்தனை பேரு இங்கயேதான் இருந்திருக்கீங்க."

யாருக்கும் புரியவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உடையப்பன், "தப்பா அடிச்சிருச்சு போல" என்று சொல்லித் திரும்பப் போனார். இர்ஃபான் காதைத் துடைத்துக்கொண்டு சிரிக்கப் பார்த்தான்.

"யாரும் போகாதீங்க" என்றாள் மங்கை.

திரும்பிப் பார்த்தார்கள். அவள் நடைக்கூடத்துக்கு வந்து, தன் வீட்டுக் கதவுக்கும் அவர் வீட்டுக் கதவுக்கும் நடுவே நின்றாள். அந்தக் கூட்டத்தில் யார் முகத்தையும் பார்க்காமல் பேசிவிடலாம் என்று தோன்றியது. அப்படிச் செய்யக்கூடாது என்று பிலோமினாவின் கண்ணை நேராகப் பார்த்தாள்.

"தப்பா அடிக்கலை" என்றாள். "ஜனவரி மாசம் அடிச்சிருக்கணும். ஏன் அடிக்கலைன்னு நான் சொல்றேன். உக்காருங்க, கொஞ்சம் நேரமாகும்."

யாரும் உட்காரவில்லை. தெய்வநாயகம்தான் உள்ளே போய் அந்தப் பாயைக் கொண்டுவந்து, நடைக்கூடத்தில், எல்லாருக்கும் நடுவே விரித்தார்.